மறு: ஃபோலியேஷன் – நாளை அச்சுக்குப் போகிறது

நண்பர்களே,

முதுகலை நிலவியல் மாணவர்களைக் கர்நாடகத்தில் கனகபுரா பக்கத்துக் கப்பாளதுர்கா குவாரிக்கு அழைத்துப் போகிறோம். களக் கையேட்டில் ‘ஃபோலியேஷன்’ என்ற ஒரு சொல்லில் நிற்கிறேன், அதற்குத் தமிழில் என்ன எழுதுவது? அங்கே சாம்பல் நிற நைஸ் பாறையில் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் ஓடும். நடுநடுவே எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சைத் திட்டுகள், அதாவது சார்னோக்கைட் என்னும் பாறை. திட்டுக்குள் போகப் போகப் பட்டை மங்கி அழிந்துவிடும். ஹார்ன்பிளெண்ட், பயோட்டைட் என்ற கனிமங்கள் குறைந்து ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் தலைகாட்டும். 1960இல் நிலவியலாளர் பிச்சமுத்து எழுதிப் பேர்பெற்ற இடம். மங்குகிற அந்த ஒழுங்குக்குத்தான் பெயர் வேண்டும். ‘அடுக்கு’ வேண்டாம், வண்டல் படிந்ததென்று பையன்கள் எழுதிவிடுவார்கள்.

---

ஐயா, ‘ஏட்டமைவு’. லத்தீன் மூலமே இலைதானே.

---

> மூலமே இலைதானே

அப்படியானால் ‘இலையமைவு’ அல்லவா? தொல்காப்பிய மரபியலில் ஏடும் மடலும் ஓலையும் புல்லுக்கு உரியவை. இலையும் தளிரும் மரத்துக்கு. பனையும் அங்கே புல்தான்.

---

பாறை புல்லா மரமா என்று முதலில் முடிவு செய்வோம் :-) பாலேடு எந்த மரத்தில் காய்க்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். சிஸ்ட் பாறையில் அபிரகத் தகடுகள் அழுத்தத்துக்குக் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். உளி வைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். நைஸ் அப்படிப் பிரியாது. அதற்கு ‘வரியமைவு’தான் பொருந்தும். இரண்டுக்கும் பொதுவாக ஃபோலியேஷன் என்றே எழுதினால் குடியா முழுகிவிடும்?

---

முழுகும். வேற்றுப் பெயரை விட்டால் அதுவே நிலைத்துவிடும். சார்னோக்கைட்டையே பாருங்கள். 1893இல் நிலவியலாளர் ஹாலந்து கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து வைத்த பெயர். கல்லோ நம் பல்லாவரத்துக் கல். அன்றே ‘பல்லாவரக்கல்’ என்றிருந்தால்?

---

அண்ணா, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். ‘வரி’ என்றால் மாணவர்கள் லீனியேஷனோடு குழப்புவார்கள். அது கோடு, இது தளம். சாய்வை அளக்கும் கிளைனோமீட்டரை எதன்மேல் வைப்பது என்பதே தடுமாறிப்போகும்.

---

சரி, இதற்குமேல் தாங்காது. ‘ஏட்டமைவு’க்கு நான்கு பேர், ‘வரியமைவு’க்கு ஒருவர். முதல் இடத்தில் பக்கத்திலேயே ஃபோலியேஷனையும் போட்டு அனுப்புகிறேன்.

---

அனுப்புங்கள். கப்பாளதுர்காவில் ஒரு ஏட்டை உரித்துக் காட்டினால் நானும் கட்சி மாறுகிறேன். அதுவரை என் வகுப்பில் வரியமைவுதான்.