நான்கு கட்டமா, ஐந்து கட்டமா?

குரோய்டன் தம்பி, காலை 10.12
அனைவருக்கும் வணக்கம். இங்கே லண்டனில் பாப்பாவின் ரிசப்ஷன் வகுப்பிலிருந்து (நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளின் முதல் வகுப்பு) நேற்று வந்த படத்தில், அவள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் தேனீப் பொம்மையின் முதுகிலுள்ள பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்கிறாள். கீழே ‘இன்றைய கணிதம்’ என்று எழுதியிருக்கிறார்கள். இது உண்மையிலேயே பாடமா, விளையாட்டுக்குச் சூட்டிய பெரிய பெயரா என்பதைச் சித்திதான் சொல்ல வேண்டும்.

திருச்சி பெரியப்பா, 10.20
பொம்மைக்குக் கணக்கு வந்துவிடும்; குழந்தைக்கு வருமா என்பதே என் ஐயம். முழு வாக்கியத்தில் எழுத வேண்டும் என்ற இக்குழுவின் விதியைத் தம்பி மறவாதிருப்பது மகிழ்ச்சி.

ஹாரோ சித்தி, 10.41
அதன் பெயர் பீ-பாட், அத்தான். எங்கள் வகுப்பிலும் நான்கு இருக்கின்றன. முன்செல்லும் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், திருப்பும் பொத்தான் நின்ற இடத்திலேயே 90 பாகை திருப்பும். பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை அது அசையாது. அதுவரை கொடுத்த கட்டளைகளை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் பாடமே இருக்கிறது, ஏனெனில் தேனீ எங்கே போய் நிற்கும் என்பதைக் குழந்தை முன்கூட்டியே மனத்துக்குள் ஓட்டிப்பார்த்தாக வேண்டும். பச்சைப் பொத்தானுக்கு முன், நிற்கும் இடத்தில் ஒரு காகிதப் பூவை வைக்கச் சொல்வேன். பூ வைக்காமல் அழுத்தினால் அது வெறும் பொம்மைதான், அத்தான் சொல்வது சரி.

குரோய்டன் தம்பி, 10.47
இதில் எண் எங்கே வருகிறது, சித்தி?

ஹாரோ சித்தி, 10.58
0 முதல் 10 வரை கட்டங்களை ஒரே வரிசையில் விரித்திருப்போம். தேனீ 2-இல் நிற்கிறது, 6-க்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள். நான்கு வயதுக் குழந்தைகளில் பலர், நிற்கும் கட்டத்தையும் சேர்த்து, ‘இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு’ என்று விரல் வைத்து எண்ணி, ஐந்து முறை அழுத்துவார்கள். தேனீ 7-இல் போய் நிற்கும். விரல் விட்டுக் கூட்டும்போதும் இதே பிழைதான் வரும், ஆனால் அங்கே ‘தவறு’ என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே பூவுக்கும் தேனீக்கும் இடையே உள்ள ஒரு கட்டத்தைக் குழந்தையே பார்த்துவிடுகிறது. கட்டங்களை எண்ணுவது வேறு, தாவல்களை எண்ணுவது வேறு என்று பிடிபடச் சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு பருவம் ஆகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அழிக்கும் பொத்தானை அழுத்த மறந்தால், தேனீ பழைய கட்டளைகளை முதலில் ஓட்டிவிட்டுப் புதியவற்றை அதன் பின்னே சேர்த்து ஓட்டும். மேசைக்கு அடியில் போய் முட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

திருச்சி பெரியப்பா, 11.05
இது நேற்று முளைத்த மோகமா?

ஹாரோ சித்தி, 11.09
இல்லை. 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற கணினி மொழியும், அதன் கட்டளைப்படி தரையில் ஊர்ந்த ‘ஆமை’ எந்திரமும்தான் இதற்கு முன்னோர். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதிலிருந்தே கணினிப் பாடம் கட்டாயம் என்பதால் தேனீ பல பள்ளிகளுக்குள் நுழைந்தது.

மதுரை அக்கா, 11.30
என் எல்.கே.ஜி. வகுப்பில் எண்ணைவிட ஆங்கில ஒலிகள்தான் பெரும்பாடு. அதற்கும் இந்தத் தேனீ உதவுமா, சித்தி?

ஹாரோ சித்தி, 11.44
ஓரளவு உதவும். எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகளைத்தான் இங்கே பல பள்ளிகளில் முதலில் சொல்லித்தருகிறோம். அவற்றைக் கட்டங்களில் வைத்து, ‘பின்’ (pin) என்ற ஆங்கிலச் சொல்லுக்கான மூன்று எழுத்துகளையும் தேனீ வரிசையாகச் சென்று தொட வேண்டும். வழியில் கடக்கும் வேறு எழுத்தையும் சேர்த்து ஒலித்துவிடுவார்கள் என்பதால், தேவையான எழுத்தில் மட்டும் இடைநிறுத்தப் பொத்தானைச் சேர்க்கச் சொல்வேன். தேனீ அங்கே ஒரு நொடி நிற்கும்போதுதான் ஒலி வர வேண்டும். இங்கே முதலாம் ஆண்டு முடிவில் 40 சொற்களைப் படிக்கச் சொல்லும் ஒலிப்புத் தேர்வில் 20 சொற்கள் பொருளே இல்லாதவை, ஆகவே மனப்பாடம் கைகொடுக்காது. ஆனால் ஒலிகளைத் தேனீ கூட்டித்தராது. அதைக் குழந்தையின் வாய்தான் செய்ய வேண்டும். பலர் ‘ப, இ, ன’ என்று தனித்தனியே சொல்லிவிட்டு விழிப்பார்கள்.

திருச்சி பெரியப்பா, 11.52
அவர்கள் விழிப்பது இயல்பு. ‘ப’ என்றால் அதில் அகரம் ஏறிவிட்டதே! ‘ப்’ என்று புள்ளி வைத்துச் சொல்லிக்கொடுங்கள்; ப், இ, ன் மூன்றும் ‘பின்’ என்று தாமாக ஒட்டிக்கொள்ளும்.

மதுரை அக்கா, 11.56
பெரியப்பா, நாளையே இதைச் செய்துபார்க்கிறேன். எங்களிடம் தேனீ இல்லை. பாண்டி விளையாடக் கட்டம் போடுவதுபோல் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு போட்டு, ஒரு குழந்தையையே தேனீயாக நிறுத்திவிடுகிறேன்.

ஹாரோ சித்தி, 12.03
நாங்களும் முதலில் அப்படித்தான் தொடங்குகிறோம். ‘வலப்புறம்’ என்றால் பக்கவாட்டில் நகர்வதன்று, நின்ற இடத்திலேயே திரும்புவது என்பது உடம்பால் செய்தால்தான் புரியும்.

திருச்சி பெரியப்பா, 12.40
நம் உயிர்மெய் அட்டவணையே கட்டம்தானே? 12 உயிரை மேலேயும் 18 மெய்யை இடப்பக்கமும் எழுதினால் 216 கட்டங்கள். 15 செ.மீ. வீதம் அகலம் 180 செ.மீ., நீளம் 270 செ.மீ.; என் கூடத்தில் தாராளமாக அடங்கும். முதலில் ப், ட், ம் மூன்றும் அ, ஆ, இ மூன்றும் போதும். தேனீ மேல் மூலையிலிருந்து மூன்று கட்டம் இறங்கி ‘ம்’மை அடைந்து, வலப்புறம் திரும்பி, இரண்டு கட்டம் போனால் ‘மா’.

குரோய்டன் தம்பி, 12.48
பெரியப்பா, இறங்கி வரும் தேனீ நம்மைப் பார்த்து வருகிறது. நமக்கு வலம், அதற்கு இடம். நீங்கள் சொன்னபடி அழுத்தினால் அது சுவரில் போய் முட்டும்.

திருச்சி பெரியப்பா, 12.55
எழுபத்தாறு வயதில் எனக்கே பிசகுகிறது. ஆயினும் ‘ம’வுக்கு ஒரு கட்டம், ‘மா’வுக்கு இரண்டு கட்டம், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, பார்த்தீர்களா?

ஹாரோ சித்தி, 12.59
‘மி’க்கு மூன்று கட்டம் போக வேண்டுமே, அத்தான்.

திருச்சி பெரியப்பா, 1.02
உணவு ஆறுகிறது. மாலையில் வருகிறேன்.