பல்கலைக்கழக மியூசியம் போனவர்கள் இங்கே சொல்லுங்கள்

காரைக்குடி:

மகன் வீடு, மகள் வீடு என்று வெளிநாடு போகிற நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நேரம் போக ஒரு மியூசியத்துக்காவது போயிருப்பீர்கள். பல்கலைக்கழகம் நடத்துகிற, பழங்காலப் பொருட்களும் மக்கள் புழங்கிய சாமான்களும் இருக்கிற மியூசியம் என்றால் இங்கே எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

ஆக்ஸ்போர்டில் பிட் ரிவர்ஸ் மியூசியம். தெருவிலிருந்து நேராக நுழைய முடியாது. இயற்கை வரலாற்று மியூசியத்துக்குள் போய், டைனோசர் எலும்புக்கூடுகளைத் தாண்டி, பின்பக்கம் போனால் வாசல் வரும். கட்டணம் கிடையாது. பிட் ரிவர்ஸ் என்ற ராணுவ அதிகாரி தான் சேர்த்த பொருட்களை 1884-இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததில் தொடங்கியது. இப்போது 5 லட்சத்துக்கு மேல் பொருட்கள். உள்ளே ஒரே மங்கல் வெளிச்சம். பழைய துணியும் இறகும் வெளுத்துப் போகாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள்.

மற்ற இடங்களில் நாட்டுக்கு ஓர் அறை ஒதுக்குவார்கள். இங்கே வகைக்கு ஒரு பெட்டி. உலகத்து விளக்கெல்லாம் ஒரு பக்கம், பூட்டும் சாவியும் ஒரு பக்கம், கூடைகள் ஒரு பக்கம். நம்ம ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. கூடைப் பெட்டி முன்னால் நின்றதும் வீட்டம்மா, "நம்ம ஓலைக் கொட்டான் முடைகிறவர்கள் இதைப் பார்க்கணும்" என்றார்.

எளிய கருவி படிப்படியாக வளர்ந்து சிக்கலான கருவி ஆகிறது என்று காட்டத்தான் அந்தக் காலத்தில் பிட் ரிவர்ஸ் இப்படி வகை பிரித்தாராம். அந்தப் பார்வையில் சில மக்கள் கீழே, சிலர் மேலே என்ற நினைப்பும் கலந்திருந்தது. இன்றைக்கு மியூசியமே அதை ஒத்துக்கொள்கிறது. சுருக்கிப் பதப்படுத்திய மனிதத் தலைகளை 2020-இல் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்.

எனக்குப் பிடித்தது சீட்டுகள்தான். மையால் பொடி எழுத்தில் எந்த இடம், யார் கொடுத்தது, எந்த வருஷம் என்று எழுதிக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளிப்பூச்சுப் பூசிய ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை இருக்கிறது. அதற்குள் ஒரு சூனியக்காரி அடைபட்டிருக்கிறாள், திறந்துவிட்டால் தொல்லை என்று அதைக் கொடுத்த கிழவி சொன்னதையும் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் சீசா. நம்ம கடைத்தெருவில் பெட்டகத்தைக் காட்டி "நூறு வருஷத்துச் சாமான் சார்" என்பார்கள். எந்த ஊர், எந்த வளவு (வீடு) என்று கேட்டால் பதில் வராது. கதவு, நிலை, தூண், மரவை என்கிற அரக்குப் பூசிய மரப்பாத்திரம் எல்லாமே இப்படி அநாதையாகத்தான் நிற்கின்றன.

தேவகோட்டை:

அதே ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் மியூசியத்துக்கும் போயிருக்கலாமே அண்ணன். 1683-இல் திறந்தது. கலை, தொல்லியல் இரண்டும் அங்கே உண்டு. சில வருஷம் முன்னால் ஆத்தாவை அழைத்துப் போனேன். திருமங்கையாழ்வார் வெண்கலத் திருமேனி முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். காவலுக்கு நின்றவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அது கும்பகோணம் பக்கம் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. 1967-இல் லண்டன் ஏலத்தில் மியூசியம் வாங்கியிருக்கிறது. ஆனால் 1957-இல் எடுத்த ஒரு படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. அதில் இதே திருமேனி கோயிலுக்குள் இருக்கிறது. 2024 மார்ச்சில் திருப்பித் தரப் பல்கலைக்கழகம் சம்மதித்தது. நீங்கள் சீட்டைப் பற்றிச் சொன்னதால் இதைச் சொல்கிறேன். யாரோ ஒரு புகைப்படக்காரர் ஊர் பெயர் குறித்து வைத்த படம்தான் ஆழ்வாருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

பள்ளத்தூர்:

நான் போனது அமெரிக்காவில், பிலடெல்பியா. பென்சில்வேனியா பல்கலைக்கழக மியூசியம், 1887-இல் தொடங்கியது. பேரன் எகிப்து ஸ்பிங்ஸ் சிலையை விட்டு நகரவில்லை. நான் போய் நின்றது மெசபடோமியப் பகுதியில். இன்றைய இராக்கில் 'ஊர்' (Ur) என்ற பெயருள்ள பழைய நகரத்தை இந்த மியூசியமும் பிரிட்டிஷ் மியூசியமும் சேர்ந்து 1922 முதல் 1934 வரை தோண்டின. அங்கே கிடைத்த புவாபி அரசியின் தலை அலங்காரம் இங்கே இருக்கிறது. தங்கத் தகட்டில் இலை இலையாக வெட்டியது, கூடவே லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லும் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லும். 4,500 வருஷம் பழையது. கல்யாணத்தில் போடுகிற கழுத்துரு நகையைக் காட்டுகிறபோது நம்ம வீட்டு ஆச்சிமார் முகத்தில் வருகிற பெருமை அந்த அரசிக்கும் இருந்திருக்கும்!

சூதுபவளம் சிந்துவெளிப் பக்கத்திலிருந்து அங்கே போனது என்கிறார்கள். நம் பக்கம் கொடுமணலிலும் கீழடியிலும் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. காலம் வேறு, பிந்தியது. ஆனாலும் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கீழடிக்குப் போகத் தோன்றியது. ஊர் திரும்பியதும் போனேன். அங்கே உள்ள மியூசியம் 2023-இல் திறந்த கட்டடம், நம்ம செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் தூணோடும் முற்றத்தோடும் செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். பானை ஓட்டில் குவிரன், ஆதன் என்று பேர் கீறியிருப்பதை நின்று படிக்க ஆளில்லை. வருத்தமாக இருந்தது.

கண்டனூர்:

பள்ளத்தூர் ஆச்சி சொன்ன பானை ஓட்டைப் படித்ததும் காரைக்குடி அண்ணனிடம் ஒன்று கேட்கணும். சீட்டு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கடையில் எந்தப் பித்தளை அண்டாவையும் குனிந்து பாருங்கள். விளிம்பிலோ அடியிலோ விலாசம் வெட்டியிருக்கும். நான்கெழுத்து, ஐந்தெழுத்து என்று அப்பச்சி, ஐயா, அவருக்கு முந்தியவர் எல்லோருடைய முதலெழுத்தும் வரிசையாக. ஊர் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால் எந்த வீட்டுச் சாமான் என்று சொல்லிவிடுவார்கள். பளபளப்பாக்குகிறேன் என்று மெஷின் வைத்துத் தேய்த்துவிட்டால்தான் போச்சு.

காரைக்குடி:

பித்தளைக்குச் சரி. மரச்சாமானுக்கும் இனாமல் சாமானுக்கும் விலாசம் ஏது? சீர் வந்த வருஷம் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறபோதே எழுதி வைத்தால் உண்டு.

கோட்டையூர்:

எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டோம். ஒரு சின்ன யோசனை: பசை டேப் ஒட்டாதீர்கள், மரவையில் ஒட்டினால் அரக்கோடு உரிந்து வரும். பருத்தி நூலில் கெட்டி அட்டையைக் கட்டி, பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் ஓடிவிடும். யாருடைய கல்யாணத்துக்கு வந்தது, ரங்கூனில் வாங்கியதா இங்கே வாங்கியதா, இப்போது யார் பங்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி விஷயத்தில் மட்டும் எங்கள் பங்காளிகளுக்குள் இன்னும் முடிவாகவில்லை, அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.