மறு: ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்: ‘மீள்பிடி’ என்று சொல்லலாமா?

அனுப்புநர்: கிருஷ்ணகிரி

அன்பு நண்பர்களுக்கு,

வேகம் குறையும்போது ஆற்றலை மின்சாரமாக மீட்கும் ‘ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்’குக்குத் தமிழாக மூன்று நாளாக இந்த இழையில் வந்த சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்க்கிறேன். மீளாக்க நிறுத்தம், மறுஉற்பத்தித் தடுப்பு, மீள்மின்தடை, ஆற்றல்மீட்பு வேகத்தடை. இலக்கணத்தில் ஒன்றிலும் குற்றம் காண முடியாது. ஆனால் தொப்பூர் இறக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் இவற்றில் ஒன்றையாவது வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

‘நிறுத்தம்’ என்றால் எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடம். ‘வேகத்தடை’ என்றால் பள்ளிக்கூட வாசலில் போட்டிருக்கும் மேடு. ‘மீள்மின்தடை’ இன்னும் மோசம். மின்தடை என்பது பாடநூலில் ஓம் கணக்கு. செய்தித்தாளிலோ பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் மாலை வரை நாம் விசிறியில்லாமல் உட்கார்ந்திருப்பது. காரின் கையேட்டில் அப்படி அச்சிட்டால், மறுபடியும் மின்சாரம் போய்விட்டது என்றுதான் படிப்பார்கள்.

சொல்லுக்கு இப்போது என்ன அவசரம் என்று ஒருவர் கேட்டிருந்தார். வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன, அதுதான் அவசரம். மகிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் வைத்து இரண்டு மின்கார்களை வெளியிட்டது. பிஇ 6 என்று இன்று நாம் சொல்வதும் எக்ஸ்இவி 9இ-யும் அவைதாம். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் மின் கிரெட்டா 2025 ஜனவரியில் வந்தது. மின்கார் பக்கமே திரும்பாதிருந்த மாருதிகூட 49, 61 யூனிட் பேட்டரிகளோடு இ-விட்டாராவைக் காட்டி, 2025 ஆகஸ்டில் குஜராத்திலிருந்து ஏற்றுமதியைத் தொடங்கிவிட்டது. டாடா, சியராவுக்கு மின்வடிவம் உண்டு என்று அறிவித்திருக்கிறது. புதியவர்களில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் ஆலையைத் திறந்தது. நம் போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் செய்யும் ஓலாவும் 2022 சுதந்திர தினத்தன்று ஒரு காரை அறிவித்தது. அது சாலைக்கு வரவில்லை, அந்தக் கதை வேறு. பழையவரோ புதியவரோ, வண்டியில் இந்த ஏற்பாடு இல்லாமல் எவரும் வருவதில்லை. நாம் சொல் தராவிட்டால் விற்பனைக்காரர் ‘ரீஜென்’ என்று ஒன்றைத் தந்துவிட்டுப் போவார்.

இதில் நடப்பது என்ன? முடுக்கு மிதியிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. அதுவரை மின்சாரத்தைத் தின்ற மோட்டார் அந்தக் கணமே ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த உழைப்பே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. சாதாரண பிரேக்கில் இதே ஆற்றல் தட்டும் கட்டையும் உரசிச் சூடாகி வீணாகப் போகும்.

என் தாத்தா, மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கபிலை ஓட்டியவர். மாடுகள் கிணற்றடியிலிருந்து சரிவில் இறங்கும்போதுதான் சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். மாட்டின் எடையும் சரிவும் சேர்ந்து தண்ணீரைத் தூக்கும். பிறகு மாடு பின்னோக்கி நடந்து ஏற, வெறும் சால் கிணற்றுக்குள் போகும். இறங்குகிற வேலையில் ஏறுகிற பொருள் ஒன்று உண்டு என்பது நம் ஊர் நிலத்துக்குப் பழைய செய்தி. அதிலிருந்தே சொல் எடுக்கலாம் என்று இரண்டு நாள் ஆசைப்பட்டேன். கபிலைக்கு இன்னொரு பெயர் கவலை என்பது நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். கவலைப் பிரேக் உள்ள காரை யார் வாங்குவார்?

பிறகுதான் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல் கண்ணில் பட்டது. ‘பிரேக் பிடி’, ‘பிரேக் பிடிக்கவில்லை’, ‘சட்டென்று பிடித்துவிட்டான்’. பெயர்தான் கடன், வினை நம்முடையது. அதே வினையைத்தான் குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போதும் சொல்கிறோம். சம்பளத்தில் பிடித்தது வைப்புநிதியாகத் திரும்பி வருவதையும் ‘பிடித்தம்’ என்கிறோம். தடுத்து நிறுத்துவதும் சேர்த்து வைப்பதும் ஒரே சொல்லில் இருக்கும்போது மறுஉற்பத்தி எதற்கு? எதுவும் மறுபடி உற்பத்தியாவதில்லை. போக இருந்தது பிடிபடுகிறது, அவ்வளவே.

என் முன்மொழிவு: மீள்பிடி. ‘மீள்பிடியை 3-இல் வை’ (இழுப்பின் அளவை எண்ணால் கூட்டிக் குறைக்கலாம்), ‘இறக்கத்தில் நன்றாக மீள்பிடிக்கிறது’. ‘மின்பிடி’ இன்னும் சுருக்கம்தான். அச்சில் ஒரு சுழி கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலில் போய்ச் செய்கிற வேலையாகிவிடும்.

——

அனுப்புநர்: பாலக்கோடு, இயற்பியல் ஆசிரியர்

வணக்கம்.

> போக இருந்தது பிடிபடுகிறது, அவ்வளவே.

முழுவதும் பிடிபடுவதில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவன் நான். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஏறத்தாழ 350 மீட்டர் உயரம் என்று கொள்வோம். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து இறங்கினால் கிடைக்கக்கூடிய ஆற்றல் 1,800 × 9.8 × 350, அதாவது சுமார் 62 லட்சம் ஜூல். மின்வாரியக் கணக்கில் 1.7 யூனிட். அதில் பெரும்பங்கு வழியிலேயே காற்றை எதிர்ப்பதிலும் சக்கர உராய்விலும் கழிந்துவிடும். சாலை நன்றாகச் சரியும் இடங்களில்தான் மோட்டார் ஏதாவது திருப்பி வாங்கும். வாங்கியதைப் பேட்டரியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். ஆகவே ‘மீள்’ என்ற சொல் அதிகம் வாக்குக் கொடுக்கிறதோ என்று அஞ்சுகிறேன்.

இரண்டாவது, மீள்பிடி என்றால் பிடியல்லவா மீள்கிறது? மீள்வது ஆற்றல். மூன்றாவது, ளகரத்தின் பின் பகரம் வருகிறதே, ‘மீட்பிடி’ ஆகாதா? நாட்பலன், முட்புதர் என்று ஆகிறதே.

இன்னொன்று. இது காரோடு முடிகிற சொல்லாக இருக்கக் கூடாது. நம் தருமபுரி வழியாகப் போகும் ரயில் பாதையும் மின்மயமாகிவிட்டது. வாப்-7 போன்ற எஞ்சின்கள் வேகம் குறையும்போது மேலே கம்பிக்கே மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன. அங்கே பேட்டரி கிடையாது.

——

அனுப்புநர்: ஓசூர், வண்டிப் பட்டறை

ஆசிரியர் ஐயாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம். எனக்குப் புணர்ச்சி விதி தெரியாது. பட்டறைக்கு வருகிறவர்கள் பேசுவது தெரியும். முதல்முறை மின்கார் ஓட்டியவர் வந்து சொல்கிற குறை எப்போதும் ஒன்றுதான்: “காலை எடுத்தால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது, பிரேக்கில் ஏதோ கோளாறு.” நாங்கள் சொல்லித் தராமலே ‘பிடிக்கிறது’ என்கிறார்கள். அதனால் அண்ணன் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் ஒரு பயம். பேட்டரியை 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு உடனே இறக்கத்தில் போனால் இந்தப் பிடி குறைவாகத்தான் இருக்கும். நிரம்பிய குடத்தில் தண்ணீர் எங்கே பிடிப்பது? முந்தின நாள் பிடித்தது போலவே பிடிக்கும் என்று நம்பிப் போகிறவருக்கு நெஞ்சு படபடக்கும். தொப்பூர் இரட்டைப் பாலத்தருகே டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் லாரியை உருட்டி விபத்தில் மாட்டியவர்கள் கதை நமக்குத் தெரியும். மீள்பிடி என்பதே பிரேக் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கட்டையும் தட்டும் உள்ள பிரேக் தனியாக இருக்கிறது என்பதும் சொல்லில் தெரிய வேண்டும்.

——

அனுப்புநர்: கிருஷ்ணகிரி

தம்பி சொன்ன குடத்து உவமைக்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை.

ஆசிரியருக்கு: மீள்பிடி வினைத்தொகை; மீள்பார்வை, மீள்பதிவு போல இயல்பாகவே நிற்கும். மீள்பார்வையில் பார்வை எங்கோ போய்த் திரும்பி வருவதில்லை, மறுபடி பார்க்கிறோம். அப்படியே இதுவும், செலவழித்ததை மறுபடி பிடித்தல். எவ்வளவு பிடிபட்டது என்று சொல் சொல்லாது; வலையும் எத்தனை மீன் என்று சொல்வதில்லை. (மீனை நான்தான் மறுபடி இழுத்தேன், மன்னியுங்கள்.) ரயிலுக்கும் பொருந்தும், சொல்லில் பேட்டரி எங்கும் இல்லை.

பிரேக் பற்றிய பயம் நியாயமானது. சட்டமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறியிருக்கிறது. கார் பிரேக்குக்கான ஐ.நா.வின் 13-எச் விதிப்படி, பிரேக் மிதியைத் தொடாவிட்டாலும், இந்த இழுப்பால் ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தாக வேண்டும். பின்னால் வருகிறவருக்கு அது பிரேக்தான். ஓட்டுகிறவருக்கு அதை மட்டும் நம்பக் கூடாத பிரேக். எனவே மிதிக்கு ‘பிரேக்’ என்பதை அப்படியே விட்டுவிடுவோம். அது தமிழில் குடியேறி நெடுநாளாகிவிட்டது. மோட்டார் செய்வதற்கு மட்டும் மீள்பிடி. ஒரே மிதியில் ஓட்டுவது ‘ஒற்றைமிதி ஓட்டம்’. ஒருமுறை மின்னேற்றினால் போகும் தூரத்துக்கும் சொல் கேட்டிருந்தார்கள். மைலேஜ் என்றே எல்லோரும் சொல்கிறார்கள், அதைக் கலைக்க எனக்கு மனமில்லை.

மீள்பிடியைப் பூஜ்யத்தில் வைத்தால் வண்டி தானாக உருண்டு போகிறதே, அதற்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘உருளோட்டம்’ என்று எழுதி அடித்துவிட்டேன். யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.

——

அனுப்புநர்: ஓசூர், வண்டிப் பட்டறை

அண்ணா, இன்று ஒரு வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வேலைச் சீட்டில் ‘மீள்பிடி 2-இல் வைக்கப்பட்டுள்ளது, இறக்கத்தில் பிரேக்கும் பயன்படுத்தவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என்ன அர்த்தம் என்று கேட்கவே இல்லை.