கோர்க் ட்ரைடன்: சாம்பிளைச் சேமித்து மறுபடி ஏற்றும்போது பார்த்த கோளாறுகள்

ஈ-பேங்க்:
கோர்க் கம்பெனியின் ட்ரைடன் கிளாசிக் கீபோர்டில் (1999 மாடல்) அடிக்கடி வரும் புகார் இது: "ஃபைலை ஏத்திட்டேன், சவுண்டு பேரெல்லாம் வருது, சத்தம்தான் வரல." பேர் வந்தாலே பி.சி.ஜி. ஃபைல் சரியாக ஏறிவிட்டது. ஏறாதது சாம்பிள், அதாவது பதிவு செய்து வைத்த ஒலி. பி.சி.ஜி.க்குள் புரோகிராம் (ஒரு சவுண்டின் செட்டிங்), காம்பினேஷன் (பல புரோகிராம் சேர்ந்தது), டிரம் கிட், குளோபல் செட்டிங் எல்லாம் உண்டு, ஆனால் ஒலி அலை ஒரு பைட்கூடக் கிடையாது. அலை இருப்பது கே.எஸ்.எஃப்.-இல். எந்தக் கட்டைக்கு எந்த அலை என்று சொல்லும் அடுக்குக்கு மல்டிசாம்பிள் என்று பேர், அது இருப்பது கே.எம்.பி.-இல். இவற்றின் பட்டியல்தான் கே.எஸ்.சி. பவரை அணைத்ததும் சாம்பிள் ராமில் (தற்காலிக மெமரி) இருப்பதும் சீக்வென்சரில் பதிந்த பாட்டும் போய்விடும், புரோகிராம்கள் நிற்கும். மறுநாள் பேர் மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

சேமிக்கும் முன் எடிட் செய்த புரோகிராமை ரைட் செய்துவிடுங்கள், அதாவது மெஷினின் மெமரியில் எழுதிவிடுங்கள். ரைட் ஆகாத மாற்றம் பி.சி.ஜி.க்குப் போகாது. பிறகு டிஸ்க் மோட், சேவ் பக்கம், மெனுவில் சேவ் ஆல். ஒரே பேரில் பி.சி.ஜி., எஸ்.என்.ஜி. (சீக்வென்சர் பாட்டு), கே.எஸ்.சி. மூன்றும் வரும், கூடவே அதே பேரில் ஒரு ஃபோல்டரும் வரும். ஏற்றும்போது பி.சி.ஜி.யைத் தேர்ந்து லோட் கொடுங்கள். வரும் பெட்டியில் எஸ்.என்.ஜி.யையும் கே.எஸ்.சி.யையும் சேர்த்து ஏற்றச் சொல்லும் இரண்டு கட்டங்களிலும் டிக் வேண்டும். 'மெமரி புரொடக்டட்' என்று நின்றால் குளோபலில் பூட்டை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

மல்டி-000:
சத்தமே வராததை விட மோசம் தப்பான சத்தம் வருவது. புல்லாங்குழல் புரோகிராமைத் தொட்டால் தவில் கேட்கும். காரணம், புரோகிராம் மல்டிசாம்பிளைப் பேரை வைத்துத் தேடுவதில்லை. 'ராம் பேங்க், எண் 003' என்றுதான் அதற்குத் தெரியும். டிரம் கிட்டும் அப்படியே, அது சாம்பிள் எண்ணை நேரடியாகப் பிடிக்கும்.

கே.எஸ்.சி. ஏற்றும்போது கிளியர், அப்பெண்ட் என்று இரண்டு வழி கேட்கும். கிளியர் கொடுத்தால் ராமில் இருப்பதை அழித்து, சேமித்தபோது இருந்த அதே எண்களில் வைக்கும். அப்பெண்ட் கொடுத்தால் காலியாக உள்ள அடுத்த எண்களில் அடுக்கும். ஏற்கெனவே 000 முதல் 004 வரை நிரம்பியிருந்தால் புது செட்டின் 000 இப்போது 005. மல்டிசாம்பிளுக்கும் சாம்பிளுக்கும் உள்ள தொடர்பை மெஷினே சரிசெய்துகொள்ளும், புரோகிராமைத் தொடாது. ஒரு செட் மட்டும் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிளியர்.

இரண்டு செட்டைச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் முதல் செட்டை கிளியரில் ஏற்றி, இரண்டாவது கே.எஸ்.சி.யை மட்டும் அப்பெண்டில் ஏற்றுங்கள். இரண்டாவது பி.சி.ஜி.யை முழுசாக ஏற்றினால் முதல் செட்டின் புரோகிராம்கள் மேல் எழுதிவிடும். அதனால் அதைத் திறந்து உள்ளே போய், வேண்டிய பேங்க் அல்லது புரோகிராமை மட்டும் எடுங்கள். பிறகு ஒவ்வொரு புரோகிராமிலும் ஆசிலேட்டர் பக்கத்தில் சரியான மல்டிசாம்பிளை மறுபடி தேர்ந்து ரைட் செய்ய வேண்டும். ஹை (அழுத்தி வாசித்தால் வருவது), லோ (மென்மையாக வாசித்தால் வருவது) இரண்டையும் பாருங்கள். லோ-வை விட்டுவிட்டால் மென்மையாக வாசிக்கும்போது மட்டும் பழைய தப்பு எட்டிப் பார்க்கும். எல்லாம் முடிந்ததும் புதுப் பேரில் சேவ் ஆல். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது.

ஸ்லாட்-சி:
கம்ப்யூட்டரில் காப்பி எடுத்த பிறகு வரும் தகராறும் உண்டு. கே.எஸ்.சி. வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் திறந்தால் உள்ளே ஃபைல் பேர்கள் வரிசையாகத் தெரியும். அது தன் பேருள்ள ஃபோல்டருக்குள்தான் அவற்றைத் தேடும். மூன்று ஃபைலை மட்டும் காப்பி செய்து ஃபோல்டரை விட்டுவிட்டால் ஏற்ற ஒன்றும் இருக்காது. பேர் மாற்றுவதானால் மூன்று ஃபைல், ஃபோல்டர் நான்கையும் ஒன்றுபோல மாற்ற வேண்டும், அதுவும் எட்டு எழுத்துக்குள். உள்ளே இருக்கும் கே.எஸ்.எஃப். பேர்களை மட்டும் 'அழகாக' மாற்றிவிடாதீர்கள். கே.எம்.பி. பழைய பேரில்தான் தேடிக்கொண்டிருக்கும்.

பழைய-ஃபிளாப்பி:
இடம் பற்றி ஒரு கணக்கு. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ ஒரு விநாடிக்கு 96,000 பைட். 16 எம்.பி. ராமில் 2 நிமிடம் 54 விநாடி அடங்கும், 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் சுமார் 15 விநாடிதான். இடம் போதாதபோது ஃபைலைப் பிரிக்கவா என்று கேட்கும், அதற்கு ஓகே கொடுத்தால் அடுத்த டிஸ்க்கைக் கேட்கும். டிஸ்க்குகளுக்கு அப்போதே எண் போட்டு வையுங்கள், ஏற்றும்போது அதே வரிசை வேண்டும். யு.எஸ்.பி. ஃபிளாப்பி எமுலேட்டர் (ஃபிளாப்பி டிரைவுக்குப் பதில் பென் டிரைவ் செருகும் கருவி) போட்டாலும் இதே கதைதான். ஒவ்வொரு ஸ்லாட்டும் ஒரு 1.44 எம்.பி. டிஸ்க், கேட்கும்போது அடுத்த ஸ்லாட்டுக்கு பட்டனை அழுத்தியாக வேண்டும்.

ஈ-பேங்க்:
பழைய மார்க்கெட்டில் ட்ரைடன் எல்.இ. வாங்குபவர்கள் சாம்பிளிங் போர்டு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் அது தனியாக வாங்கிப் போடும் ஆப்ஷன். போர்டு இல்லையென்றால் மேலே சொன்ன எதைச் செய்தாலும் கே.எஸ்.சி. ஏறாது.