குளிரில் சுருதி இறங்கும் கேசட் டெக்: டெல்லி நண்பர்கள் உதவ முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். மயூர் விஹாரில் இருக்கிறேன். அப்பா எண்பதுகளில் வானொலியிலிருந்து பதிவு செய்த கச்சேரி கேசட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொரு அட்டையிலும் நீல மசியில் ராகமும் தேதியும் எழுதி வைத்திருக்கிறார். மார்கழிக்குள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட ஆசை.

தெரு அடங்கியிருக்கும் காலை ஆறு மணிக்குத்தான் டெக்கைப் போடுகிறேன். அறையில் 11 டிகிரி. முந்தின நாள் மதியம் போன் தம்புராவோடு ஒட்டி நின்ற அதே பாட்டு, காலையில் கீழே இறங்கி நிற்கிறது. அளந்து பார்த்தேன், வேகம் சுமார் 3 சதவீதம் குறைவு. நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். அரை மணி நேரம் ஓடியபின் தானாகவே சரியாகிவிடுகிறது. குறைவு ஒரே அளவாக இருந்தால் மென்பொருளில் ஒரே எண் போட்டுத் திருத்திவிடலாம். இது தொடக்க வர்ணத்தில் தாழ்ந்து, பின்னால் வரும் தனியாவர்த்தனத்துக்குள் ஏறிவிடுகிறதே! கேட்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, ஹீட்டர் போடலாம் என்றால், அதன் தெர்மோஸ்டாட் அணையும்போதெல்லாம் பதிவில் ‘டக்’ என்று விழுகிறது.

ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் பெல்ட் பளபளவென்று வழுக்குகிறது. குற்றம் பெல்ட்டிலா, நாடாவை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் அச்சில் இறுகிப்போன கிரீஸிலா? லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் சமீபத்தில் பெல்ட் வாங்கியவர்கள் யாராவது உண்டா? அச்சுக்கு எந்த எண்ணெய் விடலாம்? ஒரு கடையில் “தூக்கிப் போடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். பொறுமையாகப் பிரித்துப் பார்க்கிறவர் இருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை டெக்கோடு வந்துவிடுகிறேன்.