350 சிசி-க்கு மேலா, கீழா, எந்த பைக் வாங்குவது: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

நான்: எல்லோருக்கும் ஒரு விஷயம். பழைய 125 சிசி பைக்கை விற்றுவிட்டு வேறு எடுக்கப் போகிறேன். மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி, தினமும் போக வர, அந்தப் பெரும்பாக்கம் ரோடு மெட்ரோ வேலையில் எப்படி இருக்கிறது என்று தெரியும்தானே. அப்புறம் மாதம் ஒரு தடவை ஊருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து போனால் ஒரு லாரியைத் தாண்டுவதற்குள் இதற்கு மூச்சு முட்டுகிறது. கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது, லோன் வேண்டாம் என்று பார்க்கிறேன். ட்ரையம்ஃப் ஸ்பீட் 400 மேல் ஒரு கண். சொல்வதை இப்போதே சொல்லுங்கள், எடுத்த பிறகு ஆரம்பிக்காதீர்கள்.

திண்டிவனம் சித்தப்பா: புல்லட்

திண்டிவனம் சித்தப்பா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது

அக்கா: சித்தப்பா முடித்துவிட்டார், எல்லோரும் தூங்கப் போகலாம் 😂

தாம்பரம் மாமா: கார் வாங்கும் வயதில் எதற்குடா பைக். இன்னும் கொஞ்சம் சேர்த்து பழைய ஆல்டோ ஒன்று எடு.

நான்: மாமா, சோழிங்கநல்லூர் சிக்னலில் காலை ஒன்பது மணிக்குக் காரில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

ஓசூர் அண்ணன்: தம்பி, ஸ்பீட் 400 நல்ல வண்டி, அதில் சந்தேகமே இல்லை. 398 சிசி, 40 குதிரை, ஆறு கியர். ஆனால் உன் இரண்டரை லட்சத்தில் வராது. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி வரி மாறிவிட்டது. 350 சிசி வரைக்கும் 28-லிருந்து 18 சதவீதமாக இறக்கினார்கள், 350-ஐத் தாண்டினால் 40. நடுவில் ஒன்றும் கிடையாது. ராயல் என்ஃபீல்டு 349, ஹோண்டா 348 என்று நிற்பதால் அவர்களுக்கு யோகம். இன்ஷூரன்ஸும் அதே கோட்டில்தான் பிரிகிறது. புது வண்டிக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ்) கட்டாயம், 2022-ல் வந்த கட்டணப்படி 150-லிருந்து 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. இது வெறும் தேர்டு பார்ட்டி மட்டும், வரி தனி. அதற்கும் மேல் நம் ஊர் ரோடு டாக்ஸ், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 12 சதவீதம். ஷோரூம் விலையைப் பார்த்துவிட்டு மனக்கணக்குப் போடாதே, எல்லாம் சேர்ந்தால் அது மூன்று லட்சத்தைத் தாண்டும்.

நான்: அதைத்தான் யோசிக்கிறேன். ஐம்பது அறுபதாயிரம் கூடப் போட்டால் இரண்டு மடங்கு பவர் வருகிறதே அண்ணா.

ஓசூர் அண்ணன்: எங்கே பயன்படுத்தப் போகிறாய் அந்தப் பவரை? ஸ்பீட் 400-ன் முழு டார்க், அதாவது இழுவை, 37.5 நியூட்டன் மீட்டர், இன்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதுதான் வருகிறது. நீ பெரும்பாக்கத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருப்பாய், இன்ஜின் 2,500-ல் சுற்றிக்கொண்டிருக்கும். ஹோண்டா சிபி350 முப்பது நியூட்டன் மீட்டர்தான், ஆனால் அதை 3,000-லேயே கொடுத்துவிடும். என்ஃபீல்டு 27, 4,000-ல். காரணம் உள்ளே இருக்கிறது. ட்ரையம்ஃபில் பிஸ்டன் 89 மில்லி அகலம், 64 மில்லிதான் மேலும் கீழும் ஓடுகிறது, அதனால் வேகமாகச் சுற்றப் பிடிக்கும். ஹோண்டாவில் அகலம் 70, ஓட்டம் 90-க்கு மேல். ஒவ்வொரு அடியும் நீளமான அடி. இரண்டாவது கியரில் போட்டுவிட்டு கிளட்ச்சைத் தொடாமலே ஊர்ந்து போகலாம். தினமும் ஆபீஸ் போகிறவனுக்கு இடது கை மணிக்கட்டுதான் முதலில் புகார் சொல்லும், மறந்துவிடாதே.

திண்டிவனம் சித்தப்பா: இவ்வளவு கணக்கும் எதற்கு. புல்லட் என்றால் மூன்றாவது கியரில் மாட்டு வண்டி வேகத்திலும் போகும். நான் ஓட்டினேனே. இன்ஜின் அழுத்தத்தை விடுவிக்கிற டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவில் வருகிற வரைக்கும் கிக்கரை மெதுவாக அழுத்தி, அப்புறம் விட்டு ஒரே உதை. முள் நடுவில் வராமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்கால் போய்விடும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அந்த வண்டியை ஓட்டியவன் எதையும் ஓட்டுவான்.

அம்மா: தம்பி, அந்த வண்டியில் உங்கள் பின்னால் உட்கார்ந்து மயிலம் கோயிலுக்கு வந்த அன்று எனக்கு ராத்திரி வரை கை நடுங்கியது

திண்டிவனம் சித்தப்பா: அண்ணி அது ரோடு சரியில்லை

அக்கா: 🤣🤣

ஓசூர் அண்ணன்: பெரியம்மா சொல்வது சரிதான், ஆனால் அது பழைய கதை. இப்போது என்ஃபீல்டில் வருகிற ஜே சீரிஸ் இன்ஜினில் அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது, அந்த நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது. 2020-ல் மீட்டியார் மாடலில் முதலில் வைத்தார்கள், அடுத்த வருடம் கிளாசிக், 2022-ல் ஹண்டர். எல்லாம் ஒரே இன்ஜின்தான், சட்டை மட்டும் வேறு. கிளாசிக் 195 கிலோ, ஹண்டர் 181.

தாம்பரம் அத்தை: நடுவில் ஒன்று, மாவடு போட்டு வைத்திருக்கிறேன், இந்தப் பக்கம் வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு பாட்டில்தான் இருக்கிறது.

அக்கா: எனக்கு ஒன்று அத்தை!!

கவி (என் மனைவி): எல்லோரும் சிசி, டார்க் என்று பேசுகிறீர்கள். பின்னால் உட்காரப் போகிறது நான், வாரம் ஒருமுறை அத்தை, அதாவது இவர் அம்மா. அத்தை சேலையில் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார்கள். ஸ்பீட் 400-ல் பின் சீட்டைப் போய்ப் பார்த்தீர்களா யாராவது?

நான்: அதை நீ என்னிடம் வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே

கவி: வீட்டில் சொன்னேன். யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அக்கா: 🍿

ஓசூர் அண்ணன்: கவி கேட்டதுதான் சரியான கேள்வி. ஒரு பக்கமாக உட்காருகிறவர்களுக்கு மூன்று விஷயம் வேண்டும்: சீட் தட்டையாக இருக்க வேண்டும், பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்க வேண்டும், இரண்டு காலும் வைக்கிற மாதிரி லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் வேண்டும். சேலை கார்டு எல்லா வண்டியிலும் தருகிறார்கள், ஃபுட்ரெஸ்ட் பல வண்டிகளில் தனியாகத்தான் போட வேண்டும், அது பொருந்துமா என்று ஷோரூமிலேயே கேட்டுவிடு. சீட் பின்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெரியம்மா உன் முதுகின் மேல் வந்து விழுவார்கள்.

அம்மா: நான் ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் ராஜா, எனக்காகப் பார்க்காதே

திண்டிவனம் சித்தப்பா: அப்போ கிளாசிக் எடு. பின் சீட் அகலம்.

நான்: கிளாசிக் எனக்கும் பிடிக்கும் சித்தப்பா. ஆனால் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கீழே இறங்குகிற சரிவு, உள்ளே இரண்டு காருக்கு நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்து, அதில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால் காலையில் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கிளாசிக் வைத்திருக்கிறார், தினமும் பார்க்கிறேன், சீட்டில் உட்கார்ந்து கால் நுனியால் உந்தி உந்தி, வண்டி ஓர் அங்குலம் நகர்ந்து நின்றுவிடும். கடைசியில் வாட்ச்மேன் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துவிடுவார். 195 கிலோ ஓடும்போது தெரிவதில்லை, நிற்கும்போதுதான் தெரிகிறது.

தாம்பரம் மாமா: அதற்குத்தான் கார் என்றேன்

ஓசூர் அண்ணன்: எடை தவிர இன்னொன்று. கிளாசிக்கில் பெரும்பாலும் ஸ்போக் வீல், உள்ளே டியூப். அலாய் வீல் போட்டு டியூப்லெஸ் வருகிற மாடலும் உண்டு, அதற்கு விலை கூட. ஸ்போக் பார்க்க அழகு, ஆனால் ராத்திரி அச்சரப்பாக்கம் தாண்டி ஆணி ஏறினால் அழகு உதவாது. டியூப்லெஸ் என்றால் காற்று மெதுவாக இறங்கும், ஒரு கிட் வைத்திருந்தால் நீயே ஐந்து நிமிடத்தில் அடைத்துவிட்டுக் கிளம்பலாம். டியூப் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், கழற்ற ஆள் வேண்டும், ஆள் வர விடிய வேண்டும். ஹண்டரிலும் இதே கதைதான், விலை குறைந்த மாடலில் பின்னால் டிரம் பிரேக், முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கிறது). காசு மிச்சம் என்று அதை எடுத்துவிடாதே. அலாய், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ், இந்த இரண்டில் பேரம் கிடையாது.

அக்கா: ஏபிஎஸ் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். மெட்ரோ வேலைக்காரர்கள் பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டு வைத்திருக்கிறார்களே, மழை பெய்தால் அது எண்ணெய் தடவின மாதிரி. போன மழைக்கு ஸ்கூட்டியில் அதன் மேல் லேசாகப் பிரேக் தொட்டேன், பின் டயர் தனியாகப் போய்விட்டது. விழவில்லை, கால் ஊன்றிவிட்டேன். 180 கிலோ வண்டியில் அப்படிக் கால் ஊன்ற முடியுமா என்று யோசி.

ஓசூர் அண்ணன்: தகட்டின் மேல் பிரேக்கையும் தொடக்கூடாது, ஆக்ஸிலரேட்டரையும் முறுக்கக்கூடாது, நேராக விட்டுவிட வேண்டும். சிபி350-ல் டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கிறது, பின் சக்கரம் வழுக்கினால் அதுவே பவரைக் குறைக்கும். ஆனால் அதை நம்பி முறுக்காதே. கால் ஊன்றுவது பற்றி: ஹண்டர் சீட் உயரம் 790, ஹோண்டா 800, மீட்டியார் 765 மில்லி. நீ ஐந்தரை அடி, மூன்றிலும் இரண்டு காலும் தரையில் படும். கவி ஓட்டுவதானால் மீட்டியாரும் பார்க்கலாம், 191 கிலோ, ஆனால் நீளமான வண்டி, உங்கள் சந்தில் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கவி: நான் ஸ்கூட்டர் போதும் அண்ணா. எனக்குப் பின் சீட் மட்டும்.

நான்: அப்போ ஹண்டர் இல்லை சிபி350. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஓட்டிப் பார்க்கிறேன்.

ஓசூர் அண்ணன்: ஷோரூம் வாசலில் காலி ரோட்டில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து "சூப்பர்" என்று மெசேஜ் போடாதே. கவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நெரிசலான நேரத்தில் போ. சிக்னலில் நின்று நியூட்ரல் ஒரே தட்டில் விழுகிறதா பார், யூ டர்ன் அடி, வேகத்தடையில் இரண்டு பேருடன் ஏறி இறங்கு. அப்புறம் இன்ஜின் சூடு முழங்காலில் தெரிகிறதா என்று பார், ஏப்ரலில் அதுதான் முக்கியம்.

திண்டிவனம் சித்தப்பா: ஹோண்டாவுக்கு இங்கே யார் சர்வீஸ் பண்ணுவார். என்ஃபீல்டு என்றால் நம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெக்கானிக்கே கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான்.

நான்: ஊருக்கு வருவது மாதம் ஒரு தடவை சித்தப்பா, சர்வீஸ் இங்கேதானே விடப் போகிறேன்.

தாம்பரம் மாமா: சர்வீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, என் வண்டியை இங்கே ஒரு இடத்தில் விட்டு ஒரு கிளட்ச் கேபிளுக்கு வாரக்கணக்கில் நடந்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. எந்த கம்பெனி என்பதைவிட உன் பக்கத்தில் இருக்கிற அந்த ஒரு கடை எப்படி என்று விசாரி. வாசலில் டீக்கடை இருந்தால் அங்கே கேள், உண்மை வரும்.

*ஞாயிறு மாலை*

நான்: ஓட்டியாகிவிட்டது. ஹண்டர் சின்ன வண்டி மாதிரி வளைகிறது, சந்துக்குள் ராஜா. கியரும் நன்றாக விழுந்தது. எனக்கு மட்டும் என்றால் அங்கேயே பணம் கட்டியிருப்பேன்.

கவி: ஹண்டரில் பின்னால் இடம் குறைவு, பள்ளம் எல்லாம் முதுகில் தெரிந்தது. ஷோரூம் பையன் 2025 மாடலில் ஸ்ப்ரிங்கை மாற்றிவிட்டார்கள் என்றான், முன்பு இதைவிட இறுக்கமாம். இதற்கு முன்பு வாங்கினவர்கள் பாவம். ஹோண்டாவில் சீட் நீளம், தட்டை, பிடிக்கக் கம்பி சரியான இடத்தில் இருக்கிறது. துரைப்பாக்கம் வரை போய் வந்தோம், இறங்கும்போது இடுப்பைப் பிடிக்கவில்லை.

நான்: ஹோண்டா இரண்டாவது கியரில் அண்ணா சொன்ன மாதிரியே ஊர்கிறது. மூன்றாவதில் முப்பதில் போனாலும் திணறவில்லை. சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கிறது. நூறுக்கு மேல் போக மனமும் வராது, பரவாயில்லை.

அம்மா: நான் ஷோரூமில் நிற்கிற வண்டியில் ஏறிப் பார்த்தேன். ஃபுட்ரெஸ்ட் போட்டால் சரியாக இருக்கும்.

அக்கா: அம்மா ஆட்டோவில் போய்க்கொள்வதாகச் சொன்னார்களே 😄

திண்டிவனம் சித்தப்பா: சரி சரி. என்ன கலர்

நான்: கறுப்பு

திண்டிவனம் சித்தப்பா: அதுவாவது புல்லட் கலரில் எடுக்கிறாயே

ஓசூர் அண்ணன்: கொட்டேஷன் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஷோரூம் விலை, ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இந்த நான்குக்கு மேல் ஹேண்ட்லிங் அது இது என்று எது இருந்தாலும் எதற்கு என்று கேள், பதில் சொல்லாவிட்டால் எடுக்கச் சொல். ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான) இன்ஷூரன்ஸை வெளியேயும் விலை கேள், அவர்கள் கொடுப்பதுதான் என்று சட்டம் இல்லை. ஆக்ஸசரீஸில் கிராஷ் கார்டும் லேடீஸ் ஃபுட்ரெஸ்ட்டும் போதும், சீட் கவர் வேண்டாம், அந்தப் பணத்தில் கவிக்கு நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட் வாங்கு.

கவி: அண்ணா அதை எனக்கும் தனியாக அனுப்புங்கள், இவர் ஷோரூமில் போய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவார்.