புதுப்பிப்பு: பகாவ் (மலேசியா) பட்டறை, செம்பனை ஆலைக்கான இரும்புச் சட்டத்தின் (ஃபிரேம்) கோணல்
முன்பு கேட்டது: ஆலைக்கான 6 மீட்டர் கன்வேயர் சட்டம் வெல்டிங்கில் எவ்வளவு வளையும் என்று கணினியில் முன்கூட்டியே பார்க்க முடியுமா? முடியும். ஆனால் வெப்ப அளவு தவறினால் கிடைப்பது வெறும் கலர் படம்தான். 26 வோல்ட், 220 ஆம்பியர், நிமிடத்துக்கு 400 மி.மீ. வேகம் என்றால் மில்லிமீட்டருக்கு 858 ஜூல்; மிக் வெல்டிங்கின் (கம்பி தானாக வந்து உருகும் வெல்டிங்) வெப்பத் திறன் 0.8 என்று வைத்தால், இரும்பில் இறங்குவது சுமார் 690. கணினிக்கு இந்த 690-ஐயே கொடுங்கள்.

முழுச் சட்டத்துக்கும் வெப்பக் கணக்குப் போட்டால் மடிக்கணினி திணறிவிடும். ஒரு சிறு மூட்டுக்கு மட்டும் போட்டு, வரும் சுருக்கத்தை மற்ற மூட்டுகளில் ஏற்றுங்கள். பிறகு வெல்டிங் வரிசையை மாற்றி மாற்றி ஓட்டலாம். நடுவிலிருந்து வெளியே, இருபுறமும் மாறி மாறி என்பதில் தொடங்குங்கள். கிளாம்பைச் சூட்டோடு கழற்றுவதும் ஆறியபின் கழற்றுவதும் ஒன்றல்ல, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் 6 மி.மீ. கால் (முக்கோண வெல்டின் பக்க அளவு) கேட்கும் இடத்தில் 8 போட்டால் வெல்ட் உலோகம் 78 சதவீதம் கூடும், வளைவும் கூடும். மாடலிலோ 6 என்றே இருக்கும், கணிப்பு பொருந்தாது!